ஒன்பதாவது படிக்கிற பொண்ணு 'இன் யூட்டரோ' எல்பி கேக்கறா, வாங்கிக் கொடுக்கலாமா?

வேளச்சேரி வித்யா:

வணக்கம். இந்தக் குழுவில பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிற ஆள் நான். ராஜா, ரஹ்மான், கொஞ்சம் எம்.எஸ். அம்மா, அதோட என் சங்கீத அறிவு முடிஞ்சுது. அதனாலதான் கேக்கறேன்.

பொண்ணு ஒன்பதாவது. போன வருஷம் பாண்டி பஜார்ல ஒரு கறுப்பு டி-ஷர்ட் எடுத்தா. மஞ்சள்ல சிரிக்கற மூஞ்சி, கண்ணு ரெண்டும் பெருக்கல் குறி, நாக்கு ஒரு பக்கமா தொங்கும். ஏதோ துணிக் கம்பெனி முத்திரைன்னு நினைச்சு பேரம் பேசி வாங்கிக் கொடுத்தேன். அது நிர்வாணாங்கற அமெரிக்க பேண்டோட அடையாளமாம். அங்க ஆரம்பிச்சு இப்ப கிடார் கிளாஸ் வரைக்கும் வந்தாச்சு. அடுத்த மாசம் பிறந்த நாள். தாத்தாவோட பழைய ரெக்கார்ட் பிளேயரை என் தம்பி ரிச்சி ஸ்ட்ரீட்ல கொடுத்து சரி பண்ணிட்டான். அதுல போட அந்த பேண்டோட 'இன் யூட்டரோ' ஆல்பம்தான் எல்பி இசைத்தட்டா வேணும், வேற எதுவும் வேண்டாம்னு ஒத்தக் கால்ல நிக்கறா.

வாங்கறதுக்கு முன்னாடி பாட்டு லிஸ்டைப் பார்த்தேன். நாலாவது பாட்டோட பேரு 'ரேப் மீ'. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பின் அட்டையைப் பெரிசு பண்ணிப் பார்த்தா, பூக்களுக்கு நடுவுல சிசு பொம்மைகளும் உடம்பு பாகங்களும் இறைஞ்சு கிடக்கு. பாடினவர் 27 வயசுல தற்கொலை பண்ணிக்கிட்டார்னு வேற படிச்சேன்.

ராக்கே கெட்டதுங்கற கட்சி இல்லை நான். கேள்வி இந்த ஒரு ஆல்பத்தைப் பத்தி மட்டும்தான். உள்ள என்ன இருக்குன்னு கேட்டவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

பர்மா பஜார் பாலா:

வித்யா மேடம், சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க. நுங்கம்பாக்கம் அபெக்ஸ் பிளாசாவுல கீழ்தளத்துல லேண்ட்மார்க் இருந்த காலத்துல, காசெட் அலமாரி முன்னாடி நின்னே பாதி இளமையைக் கழிச்சவன் நான். வாங்கக் காசு இருக்காது. அட்டையை மட்டும் படிச்சுட்டு, பாட்டை யார்கிட்டயாவது காப்பி அடிச்சுக்குவோம்.

கதை இதுதான். 1991-ல நிர்வாணாவோட 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தது. அடுத்த ஜனவரியில மைக்கேல் ஜாக்சனோட 'டேஞ்சரஸ்'ஸையே அமெரிக்கப் பட்டியல்ல முதல் இடத்துல இருந்து இறக்கிடுச்சு. அவ்வளவு பெரிய வெற்றி அவங்க பாடகர் கர்ட் கோபேனுக்கு ஒத்துக்கல. ரொம்பப் பாலிஷா இருக்குன்னு அவருக்கே அந்த ஆல்பம் மேல சலிப்பு. அதனால அடுத்ததை மின்னசோட்டாவுல ஒரு ஸ்டூடியோவுல, ஸ்டீவ் ஆல்பினிங்கற ரெக்கார்டிங் ஆளை வெச்சு, 1993 பிப்ரவரியில ரெண்டு வாரத்துக்குள்ள அடிச்சு முடிச்சாங்க. டிரம்ஸ் நம்ம வீட்டு ஹால்ல வாசிக்கற மாதிரி கேக்கும். மொத்தம் 12 பாட்டு, 41 நிமிஷம். கம்பெனிக்காரங்களுக்குப் பிடிக்கல. கடைசியில 'ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' ரெண்டை மட்டும் ஸ்காட் லிட்ங்கற இன்னொருத்தர் கையில கொடுத்து மறுபடி மிக்ஸ் பண்ணினாங்க. ஆல்பம் செப்டம்பர்ல வந்தது.

நீங்க பயந்த ரெண்டு விஷயத்துக்கும் அமெரிக்காவே பயந்துச்சு. வால்மார்ட்டும் கேமார்ட்டும் இந்த ஆல்பத்தைக் கடையில வைக்கல. அப்புறம் 1994-ல அந்தக் கடைகளுக்குன்னே பின் அட்டையை மாத்தி, நாலாவது பாட்டோட பேரை 'வெய்ஃப் மீ'ன்னு போட்டு ஒரு பதிப்பு வந்தது. பேரு மட்டும்தான் மாறுச்சு, பாட்டு அதே பாட்டு! கோபேன் எப்படி ஒத்துக்கிட்டார்னா, சின்ன ஊர்ல வளர்ந்த பசங்களுக்கு அந்த மாதிரிக் கடையை விட்டா பாட்டு வாங்க வேற வழி கிடையாது. அவரும் அப்படி வளர்ந்தவர்தான்.

அந்தப் பாட்டு வன்கொடுமைக்கு எதிரான பாட்டு. பாதிக்கப்பட்டவ, 'என்ன வேணா பண்ணு, என்னை அழிக்க முடியாது'ன்னு நிமிர்ந்து நிக்கற மாதிரி எழுதினதுன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்கார். தாராளமா வாங்கிக் கொடுங்க.

கே.கே.நகர் குமார்:

வேண்டாம். பேரிலேயே எல்லாம் இருக்கிறது. வன்கொடுமைக்கு எதிரான பாட்டு என்று ரசிகர் சொல்கிறார், நல்லது. பதினாலு வயதுப் பெண் பேட்டியைப் படித்துவிட்டா பாட்டுக் கேட்கப் போகிறாள்? அவள் காதில் விழுவது அந்த ரெண்டு வார்த்தை, திரும்பத் திரும்ப. மியூசிக் கடலில் நல்ல முத்து எத்தனையோ கிடக்க, இதைத்தான் பிறந்த நாள் பரிசாகக் கொடுக்க வேண்டுமா?

ஃபீட்பேக் 19:

குமார் அங்கிள், ஒரு கேள்வி. போன வருஷம் என் தம்பி ஸ்கூல் ஆனுவல் டேக்குப் போயிருந்தேன். ஆறாங்கிளாஸ் பசங்க ஒரு சினிமாப் பாட்டுக்கு டான்ஸ். ஹீரோ ஒரு பொண்ணு பின்னாடியே சுத்தறான், அவ முடியாதுன்னு சொல்றா, இவன் விடமாட்டேங்கறான், அதுதான் பாட்டே. ஆடின குட்டிப் பசங்க அந்தப் 'பின்னாடி சுத்தற' ஸ்டெப்பை அப்படியே போட்டாங்க. பெத்தவங்க எல்லாம் மொபைலைத் தூக்கி வீடியோ எடுத்தாங்க. அடுத்த பாட்டு டாஸ்மாக் பாட்டு. அதுக்கும் விசில். பிரின்சிபால் முன்வரிசையில உக்காந்திருந்தாங்க.

அங்க யாரும் இது வயசுக்கு ஏத்ததான்னு இழை ஆரம்பிக்கல. ஏன்னா நமக்குப் பழகின மெட்டு, பழகின மொழி. வெளிநாட்டுக்காரன் கத்தினாதான் நமக்கு உறுத்துது.

நான் பத்தாவது படிக்கும்போது 'இன் யூட்டரோ' கேட்டேன். உருப்படியாத்தான் இருக்கேன், கிண்டியில இன்ஜினியரிங் படிக்கறேன். அரியர் ஒண்ணு இருக்கு, அதுக்கும் நிர்வாணாவுக்கும் சம்பந்தம் இல்லை.

கே.கே.நகர் குமார்:

தம்பி, அந்தப் பள்ளி செய்தது தப்பு. நான் அங்கே இருந்திருந்தால் எழுந்து போயிருப்பேன். 2015 டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் கிடந்தபோது பீப் பாட்டு என்று ஒன்று கிளம்பியதே, அப்போதும் மாதர் சங்கத்தோடு சேர்ந்து நானும் திட்டியவன்தான். ஆனால் சினிமாப் பாட்டு மோசம் என்பதால் இது நல்லதாகிவிடுமா? ரெண்டையும் வேண்டாம் என்கிறேன். அதற்குப் பதில் சொல்.

மாம்பலம் மாமி:

ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன் வித்யா. வீட்ல பெரியவா இருந்தா பேண்ட் பேரை மட்டும் சத்தமாச் சொல்லிடாதே. எங்காத்துல பேரன் சொல்லி, என் மாமியார் ராமநாமம் ஜபிக்க ஆரம்பிச்சுட்டா.

நாலாம் தந்தி:

அடையாறு பக்கம் கிடார் சொல்லித் தர்றேன். பாதிப் பசங்க டிரினிட்டி கிரேடு பரீட்சைக்கு வர்றவங்க, மீதிப் பேர் டி-ஷர்ட்டைப் பார்த்து வர்றவங்க. அதனால இந்தக் கேள்வி பெற்றோர்கிட்ட இருந்து எனக்கு அடிக்கடி வரும்.

பாலா சார் ஒரேயடியா 'தாராளமா'ன்னு சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்லை, குமார் சார் ஒரேயடியா மூடறதுலயும் இல்லை. ஆல்பத்தைப் பாட்டுப் பாட்டா எடுத்துப் பாருங்க. 'டம்ப்' மெதுவான பாட்டு, செல்லோ வரும், எந்த வயசுக்கும் கொடுக்கலாம். 'ஆல் அபாலஜீஸ்' அதே மாதிரி. 'ஃபிரான்சஸ் ஃபார்மர்' பாட்டு, மனநோயாளின்னு முத்திரை குத்தி ஆஸ்பத்திரியில அடைக்கப்பட்ட ஒரு ஹாலிவுட் நடிகையைப் பத்தினது. ஒன்பதாவது பொண்ணோட பேச நல்ல விஷயம். 'சென்ட்லெஸ் அப்ரெண்டிஸ்' ஒரு ஜெர்மன் நாவலை வெச்சு எழுதினது, வாசனைக்காகக் கொலை பண்றவன் கதை. கேட்டா இரைச்சல்தான், கதை யாருக்கும் புரியாது. எனக்கு உறுத்தறது 'மில்க் இட்' ஒண்ணுதான். அதுல தற்கொலையைக் கிண்டலா ஒரு வரி வருது. நல்லா இருக்கற பிள்ளைக்கு அது கிண்டல். ஏற்கனவே துவண்டு கிடக்கற பிள்ளைக்கு அது கிண்டலா இருக்காது.

இன்னொண்ணு. பெற்றோர் எல்லாரும் 'இன் யூட்டரோ' வேண்டாம், 'நெவர்மைண்ட்' பரவாயில்லைன்னு சொல்வாங்க, ஏன்னா அதுல பயமுறுத்தற தலைப்பு கிடையாது. அதுல 'பாலி'ன்னு ஒரு பாட்டு. வெறும் அகூஸ்டிக் கிடார், தாலாட்டு மாதிரி போகும். ஈஸியான கார்டுதான், ரெண்டாவது மாசத்துலயே பசங்க வாசிச்சுடுவாங்க. அது 1987-ல வாஷிங்டன் மாநிலம் டகோமாவுல, பாட்டுக் கச்சேரி முடிஞ்சு வீட்டுக்குப் போன 14 வயசுப் பொண்ணை ஒருத்தன் கடத்திக்கிட்டுப் போய்ச் சித்திரவதை பண்ணின உண்மைச் சம்பவம். அந்தப் பொண்ணு சாமர்த்தியமாத் தப்பிச்சா. ஆனா பாட்டு முழுக்க அந்தக் கடத்தினவன் வாயால சொல்றது. அவன் எவ்வளவு சாதாரணமாப் பேசறான்னு காட்டறதுதான் பாட்டோட நோக்கம். கேக்கறவங்க எல்லாருக்கும் அது எட்டுச்சான்னா, இல்லை. இந்தப் பாட்டைப் பாடிக்கிட்டே ரெண்டு பேர் ஒரு பொண்ணைச் சீரழிச்சாங்கன்னு கேள்விப்பட்டு, 1992-ல வந்த அவங்களோட 'இன்செஸ்டிசைட்' ஆல்பம் அட்டையில கோபேனே மனசு நொந்து எழுதியிருக்கார். இனவெறி, பெண்களை மதிக்காத புத்தி இருக்கறவங்க எங்க கச்சேரிக்கு வராதீங்க, எங்க ரெக்கார்டை வாங்காதீங்கன்னும் அதே இடத்துல எழுதினார்.

அதனால நல்ல நோக்கத்துல எழுதினதுன்னு சொல்லி முடிச்சுட முடியாது பாலா சார். வித்யா மேடம், உங்க பொண்ணுக்கு யார் கிளாஸ் எடுக்கறாங்களோ அவங்ககிட்ட, இந்தப் பாட்டெல்லாம் எதைப் பத்தினதுன்னு சொல்லிக் கொடுக்கறீங்களா, இல்லை கார்டு மட்டும்தானான்னு கேளுங்க.

பெயர் வேண்டாம்:

இந்த இழைக்காகவே வேற கணக்கு துவங்கி எழுதறேன்.

நான் வளர்ந்தது பெரம்பூர். பத்து வயசுல எனக்கு நடந்ததை இங்க எழுதப் போறதில்லை. செஞ்சவன் வீட்டுக்கு வந்து போற ஆள், அவ்வளவு போதும். பதினஞ்சு வயசுல அண்ணன் ரூம்ல இந்த நாலாவது பாட்டு ஓடுச்சு. எனக்கு மூச்சு முட்டிடுச்சு. மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டேன். பாட்டு எங்க பக்கம் நிக்குதுன்னு யாரும் எனக்குச் சொல்லல. சொல்லியிருந்தாலும் அன்னிக்குக் கேட்டிருக்க மாட்டேன்.

காலேஜ் முடிச்சப்புறம் நானே தேடிப் போய்க் கேட்டேன். இப்ப எனக்குப் பிடிச்ச பாட்டு அது. ஸ்கூட்டர் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள்ள கத்திப் பாடுவேன்.

பாலா சாருக்குக் கோபம் இல்லாம ஒண்ணு சொல்றேன். பாதிக்கப்பட்டவங்களுக்காக எழுதின பாட்டுன்னு ரசிகர்கள் சொல்லும்போது, அந்தப் பாதிக்கப்பட்டவங்க அதே ரூம்ல இருக்கலாம்னு நினைச்சுக்கோங்க. குமார் சாருக்கும் ஒண்ணு. அந்தப் பேரை வீட்ல யாரும் உச்சரிக்கவே கூடாதுங்கற சூழல்லதான் நான் வருஷக்கணக்கா வாய் திறக்காம இருந்தேன்.

பர்மா பஜார் பாலா:

படிச்சேன்மா. பதில் எழுதத் தெரியல. மனசுல வெச்சுக்கறேன்.

ராத்திரி ஷிப்ட்:

டெக்னிக்கல் பக்கம் யாரும் தொடல, நான் சொல்றேன். சினிமாவுக்கு இருக்கற மாதிரி ஆல்பத்துக்குத் தணிக்கைச் சான்று இருக்கான்னு நிறையப் பேர் கேப்பாங்க. நம்ம நாட்டுல கிடையாது. சென்ட்ரல் போர்டு படத்தைத்தான் பார்க்கும். 2024 நவம்பர்ல இருந்து யு/ஏ-வை 7+, 13+, 16+னு மூணாப் பிரிச்சிருக்காங்களே, அது படத்துக்கு மட்டும். தனி ஆல்பத்தை எந்தப் போர்டும் கேட்டு முத்திரை குத்தறதில்லை.

அமெரிக்காவுல ஆல்பம் அட்டையில கறுப்பு-வெள்ளையில 'பேரன்டல் அட்வைசரி'ன்னு ஒரு ஸ்டிக்கர் பார்த்திருப்பீங்க. அதுவும் அரசாங்க முத்திரை இல்லை. பின்னாடி துணை அதிபரான அல் கோரோட மனைவி டிப்பர் கோர், தன் பொண்ணு கேட்ட, பிரின்ஸ்ங்கற பாடகரோட ஒரு பாட்டுல அதிர்ந்து போய், வாஷிங்டன் பிரமுகர்களோட மனைவிமாரைச் சேர்த்துக்கிட்டு 1985-ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. அந்த செப்டம்பர்ல செனட்ல விசாரணையே நடந்தது. ராக் பாடகர்கள் ஃபிராங்க் ஜாப்பா, டீ ஸ்னைடர், அமைதியாப் பாடற ஜான் டென்வர் கூட வந்து எதிர்ப்புத் தெரிவிச்சுட்டுப் போனார். கடைசியில ரெக்கார்டு கம்பெனிகளே தாங்களா ஸ்டிக்கர் ஒட்டறதுன்னு முடிவாச்சு. எந்த வயசுன்னு அதுல இருக்காது. எதுக்காக ஒட்டினாங்கன்னும் இருக்காது.

ஸ்பாட்டிஃபையில பாட்டுப் பேருக்குப் பக்கத்துல வர்ற 'ஈ'ங்கற (E) இங்கிலீஷ் எழுத்து அதோட வாரிசுதான். ஃபேமிலி பிளான் எடுத்தவர், மத்த மெம்பர் கணக்குல அந்த 'ஈ' பாட்டெல்லாம் ஓடாத மாதிரி அணைச்சு வைக்கலாம். என் மருமகனுக்கு அப்படித்தான் செஞ்சு கொடுத்தேன். முக்கியமாத் தெரிஞ்சுக்க வேண்டியது: அந்த 'ஈ' கம்பெனிக்காரங்க ஒட்டி அனுப்பறது, பெரும்பாலும் கெட்ட வார்த்தைக்காக. ஒரு பாட்டு எவ்வளவு இருட்டானதுன்னு அது அளக்காது. நாலாம் தந்தி சொன்ன 'பாலி'யில ஒரு கெட்ட வார்த்தை கூடக் கிடையாது.

எல்பி-யில வடிகட்டியே இல்லைங்கறதையும் சொல்லிடறேன். ஊசியை வெச்சா ஓடும்.

ஃபீட்பேக் 19:

மருமகன் வேற கணக்கு துவங்கியிருப்பான் அண்ணா.

ராத்திரி ஷிப்ட்:

தெரியும். நான்தான் துவங்கிக் கொடுத்தேன், அக்காகிட்ட சொல்லிடாதே.

நெறியாளர்:

ராஜாவா ரஹ்மானா என்று கிளம்பிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறோம். தற்கொலை பற்றிப் பேசுவோர் முறை, விவரணை, கடைசிக் கடிதத்தின் வரிகள் எதையும் இங்கே எழுத வேண்டாம். எழுதியிருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது.

பள்ளி ஆலோசகர்:

நெறியாளருக்கு நன்றி, நானும் அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். சென்னையில் பள்ளி மாணவர்களுக்கான உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன்.

வித்யா அவர்கள் கேட்ட மூன்றில் பாட்டின் தலைப்பையும் அட்டைப்படத்தையும்தான் எல்லோரும் விவாதித்தீர்கள். மூன்றாவதை யாரும் எடுக்கவில்லை. என்னைக் கேட்டால் முதலில் பேச வேண்டியது அதைத்தான். பதின்வயதுப் பிள்ளைகளிடம் நான் கவலையோடு பார்ப்பது பாடல்களை அல்ல, பாடகரின் மரணத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட புராணத்தை. '27 கிளப்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன், கோபேன், ஏமி வைன்ஹவுஸ் எல்லோரும் 27-இல் இறந்தார்கள், மேதைகளுக்கு அதுதான் வயது என்பது போல. 2011-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, பிரிட்டனில் முதலிடம் பிடித்த இசைக்கலைஞர்களின் இறப்பு வயதைக் கணக்கெடுத்துப் பார்த்தது. 27-இல் எந்த உச்சமும் இல்லை. புகழுக்கு வந்தபின் இருபதுகளிலும் முப்பதுகளிலும் பொதுவாகவே ஆபத்து கூடுதல், அவ்வளவுதான். ஆனால் போஸ்டரில் ஆய்வை அச்சிடுவதில்லை.

கோபேன் 1994 ஏப்ரலில் இறந்தபோது, ரசிகர்கள் அதே வழியில் போய்விடுவார்களோ என்று அவர் வாழ்ந்த சியாட்டிலில் எல்லோரும் பயந்தார்கள். இந்த ஆல்பத்தில் இருக்கும் 'பென்னிராயல் டீ' பாட்டின் சிங்கிளை (தனியாக வெளியிடும் ரெக்கார்டு), பின்பக்கத்துப் பாட்டின் தலைப்பு தன்னையே வெறுப்பதாக இருந்ததால், கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டது. டேவிட் ஜோப்ஸ் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், சியாட்டில் பகுதியில் தற்கொலைகள் எதிர்பார்த்தபடி கூடவில்லை. கூடியது உதவி மையங்களுக்கு வந்த அழைப்புகள். செய்திகளில் அவரைத் தியாகியாக்காமல் பேசியதும், கூடவே உதவி எண்களைச் சொன்னதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். பாட்டு அங்கே தடை செய்யப்படவில்லை. ஊர் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதனால் வித்யா அவர்களே, ஆல்பத்தை விட உங்கள் மகளைப் பாருங்கள். தூக்கம், சாப்பாடு, சிநேகிதிகள், பிடித்த வேலைகள் எல்லாம் வழக்கம்போல் இருக்கிறதா? இந்தப் பாட்டைப் பற்றி உங்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறாளா? எல்பி வேண்டும் என்று அம்மாவிடம் சண்டை போடுகிற பெண்ணைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பாட்டை விடிய விடியக் கேட்டு, முன்பு பிடித்ததெல்லாம் விட்டுப்போய், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அன்று ஆல்பத்தைப் பறிப்பதில் பயன் இல்லை. நேராகக் கேட்க வேண்டும். 'செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா' என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் பிள்ளை அழுதுவிட்டுப் பேச ஆரம்பிக்கும்.

மனநல உதவி எண்கள்: டெலி மானஸ் 14416, நம் ஊர் சினேகா 044-24640050, மாநில உதவி எண் 104. படிக்கிறவர்கள் யாருக்காவது தேவைப்படலாம்.

பெயர் வேண்டாம் என்று எழுதியவருக்கு: எழுதியதற்கு நன்றி.

கே.கே.நகர் குமார்:

ஆலோசகர் சொன்னது யோசிக்க வைக்கிறது. ஆனால் எல்லா வீட்டிலும் அம்மா உட்கார்ந்து இவ்வளவு பார்க்க நேரம் இருக்கிறதா? ரெண்டு பேரும் வேலைக்குப் போய் எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிற குடும்பத்தில், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வதுதான் நடைமுறை.

நாலாம் தந்தி:

வேண்டாம்னா யூடியூப்ல கேப்பாங்க சார். பள்ளி வேன்ல ஆளுக்கு ஒரு காதுன்னு இயர்போனைப் பங்கு போட்டுக்கறாங்க. வீட்டு ஹால்ல ரெக்கார்ட் பிளேயர்ல ஓடினா, அது ஒண்ணுதான் உங்க காதுலயும் விழும்.

வேளச்சேரி வித்யா:

எல்லாருக்கும் நன்றி. இத்தனை பேர் எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. பெயர் சொல்லாம எழுதின தங்கைக்குத் தனியா நன்றி. அந்தப் பதிவை ராத்திரி தூங்காம நாலஞ்சு தடவை படிச்சேன்.

நேத்து அவகிட்ட நேராப் பேசினேன். சமையல்கட்டுல பீன்ஸ் நறுக்கிக்கிட்டிருந்தா. நாலாவது பாட்டு எதைப் பத்தின்னு தெரியுமான்னு கேட்டேன். நிமிர்ந்து கூடப் பார்க்கல. "தெரியும்மா. போக்சோ கிளாஸ்ல சொன்னதைத்தான் அவர் கத்திச் சொல்றாரு"ன்னா. வேன்ல முழு ஆல்பமும் எப்பவோ கேட்டாச்சாம். 'பாலி' பத்திக் கேட்டேன், அது தெரியல. 14 வயசுப் பொண்ணுன்னு சொன்னதும் கத்தியைக் கீழ வெச்சுட்டா. எப்படித் தப்பிச்சான்னு கேட்டா. அவனோட நம்பிக்கையைச் சம்பாதிச்சுத் தப்பிச்சாளாம்னு சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம், வேன் டிரைவர்ல இருந்து மாடிக்கு வர்ற கேபிள்காரர் வரைக்கும் யார் யார் எப்படிப் பேசறாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்குத் தெரியாத ரெண்டு விஷயம் வெளிய வந்தது. ஒண்ணை இன்னிக்குக் காலையிலயே போய்ப் பேசி முடிச்சேன்.

எல்பி வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டேன். மாமியார் ஹால்ல இருக்கும்போது நாலாவது பாட்டு ஓடக்கூடாது, பின் அட்டை சுவரைப் பார்த்து இருக்கணும்னு ரெண்டு கண்டிஷன். சரின்னுட்டா. '27 கிளப்' போஸ்டர் ஒண்ணு அலமாரிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கா. அதைப் பத்தி இன்னும் பேசல. ஆலோசகர் சொன்ன ஆய்வை எடுத்துக் காட்டினா கேப்பாளா, சண்டைக்கு வருவாளான்னு தெரியல. மேடம், அதுக்கு எப்படி ஆரம்பிக்கறது?

எனக்குத்தான் இன்னும் கேக்க முடியல. மூணாவது பாட்டுலயே நிறுத்திட்டேன், தலை வலிக்குது.

பள்ளி ஆலோசகர்:

ஆய்விலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அந்தப் போஸ்டரில் இருப்பவர்களில் யாருடைய பாட்டு உனக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள். இறந்த விதத்தை விட்டு, செய்த வேலையைப் பற்றிப் பேச்சு போகட்டும். 27 என்ற எண் தானாக அடிபடும்போது ஆய்வைச் சொன்னால் போதும்.

பர்மா பஜார் பாலா:

மேடம், தலைவலிக்கு மருந்து: அவங்களோட 'அன்பிளக்டு இன் நியூயார்க்' கேளுங்க. 1993 நவம்பர்ல எம்டிவி-க்காக வாசிச்சது, அவர் போனப்புறம் அடுத்த வருஷம் ஆல்பமா வந்தது. 'டம்ப்', 'பென்னிராயல் டீ', 'ஆல் அபாலஜீஸ்' மூணும் அதுல இரைச்சல் இல்லாம இருக்கும். 'பாலி'யும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். மாமியாருக்கும் தைரியமாப் போட்டுக் காட்டலாம், பேண்ட் பேரைச் சொல்லாம.

கே.கே.நகர் குமார்:

என் கருத்தில் மாற்றம் இல்லை. பதினாறு வரை பொறுத்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இவ்வளவு பேச முடிகிறது என்றால், அங்கே நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வேளச்சேரி வித்யா:

நன்றி சார். நாலாம் தந்தி சார், கடைசியா ஒரு சந்தேகம், அவ கேக்கச் சொன்னா. 'ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்' ரெக்கார்டோட சேர்த்து வாசிச்சா ஸ்ருதி சேரவே மாட்டேங்குதாம்.

நாலாம் தந்தி:

டிராப் டி, அதாவது தடிச்ச தந்தியை மட்டும் ஒரு முழு ஸ்டெப் இறக்கி வெச்சு, அதுக்கு மேல ஆறு தந்தியையும் அரை ஸ்டெப் இறக்கணும். மெல்லிசுத் தந்தி போட்டிருந்தா தொளதொளன்னு ஆகி ஸ்ருதி நிக்காது. அடுத்த தடவை மாத்தும்போது கொஞ்சம் தடிமனான 11 செட்டு போடச் சொல்லுங்க. கிளாஸுக்கு வர்றதுக்கு முன்னாடி மறுபடி ஏத்தி வெச்சுடணும், இல்லைன்னா கிரேடு பாட்டு வாசிக்கும்போது அவ சார்கிட்ட திட்டு வாங்குவா.